எலிகளுக்குச் செய்த சுண்டல்

எதைக் கையில் எடுத்தாலும் அந்த அம்மா முதலில் இழுத்துப் பார்ப்பார். பிறகு விட்டுவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்துக் கவனிப்பார். கம்பளிக் கையுறையின் மணிக்கட்டு, வெங்காயத்தாள் கட்டில் சுற்றிய ரப்பர் வளையம், ரொட்டித் துண்டு, தன் புறங்கைத் தோல், எதுவானாலும் ஒரே கேள்விதான்: "திரும்பி வருதா?" வந்தால் முகம் மலரும். வராவிட்டால் "செத்துப்போச்சு" என்று சொல்லிக் கீழே வைத்துவிடுவார். அவர் வீட்டுக்காரர் ஆசையாய் ஒரு புடவை வாங்கி வந்தபோதுகூட, நிறத்தைப் பார்ப்பதற்கு முன் ஓரத்தை இழுத்துப் பார்த்தவர்.

பிள்ளைகளே, அவரைப் பற்றி எழுதச் சொல்லி நீங்கள் யாரும் கேட்கவில்லை. ஏன் எழுதுகிறேன் என்பது முடிவில் தெரியும். பெயர் எழுத மாட்டேன். தன் அறைக் கதவில் பெயர் இருப்பதே அவருக்குக் கூச்சம். பலகை மறையும்படி மழைக்கோட்டை அதன்மேல் மாட்டிவைப்பார். நான் எட்டாவது வரை படித்தவன். அவர் சொன்ன அறிவியலில் எனக்கு எது புரிந்ததோ அதைப் புரிந்த மாதிரியே எழுதுகிறேன்.

நாங்கள் அறிமுகமானதே ஓர் இழுப்பில்தான். மான்ட்ரியாலில் உலகக் கண்காட்சி நடந்த கோடையில் ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடைக்கு உதவியாளாக வந்தவன் நான். கண்காட்சி முடிந்தது. கூட வந்தவர்கள் திரும்பினார்கள். நான் விண்ணப்பம் போட்டுத் தங்கிவிட்டு, ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். முதல் குளிர்காலம். கோட்-டெ-நெய்ஜ் மேட்டில் பஸ் ஏறும்போது ஒரு குலுக்கல் குலுக்கியது. நான் "முருகா" என்று முனகியிருக்கிறேன். உடனே பின்னாலிருந்து யாரோ என் ஸ்வெட்டர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள்.

"செத்துப்போச்சு" என்றது ஒரு குரல். தமிழில்!

திரும்பினேன். காதை மூடிய கம்பளித் தொப்பி, தொளதொள மேல்கோட்டு, நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு. என்னைவிட ஒரு பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவராக இருப்பார்.

"என்னங்க?"

"உங்க ஸ்வெட்டர். இழுத்தா இழுத்த இடத்துலயே நிக்குது பாருங்க. இதைப் போட்டுக்கிட்டு இந்த ஊர்க் குளிருக்கு நிக்கிறீங்களே தம்பி! என்ன வேலை பார்க்கறீங்க?"

"ஹோட்டல்ல தட்டு கழுவறேங்க."

"கண்ணாடி கழுவுவீங்களா?"

"கழுவுவேன்."

"எலின்னா பயமா?"

அந்த ஊரில் ஆறு மாதமாக என்னிடம் யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை. பயமில்லை என்றேன். அடுத்த வாரத்திலிருந்து மேட்டின்மேல் இருந்த பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவவும் எலிக்கூண்டு சுத்தம் செய்யவும் சேர்ந்தேன். முதல் நாளே "நீங்க" போய் "நீ" வந்துவிட்டது. அவரும் ஒரு ஸ்வெட்டர் கொண்டுவந்திருந்தார், தம் வீட்டுக்காரருடையது. கொடுப்பதற்கு முன் என் கண்ணெதிரே இழுத்துக் காட்டினார். "உயிரோட இருக்கு. எடுத்துக்கோ."

ஊரில் இருந்த தமிழர்கள் எல்லோரும் அவரை டாக்டரம்மா என்பார்கள். கர்க்லாண்டில் அவர் வீட்டில் பொங்கலுக்குக் கூடினால், என்ஜினீயர்களும் பேராசிரியர்களுமாக வரிசையில் நின்று தலைசுற்றலையும் மூட்டுவலியையும் சொல்வார்கள். அவர் கரண்டியோடு கை கூப்புவார். "சாமிகளா, நான் செத்ததுக்குத்தான் டாக்டர். உயிரோட இருக்கிறவங்க வேற இடம் பாருங்க." உண்மையும் அதுதான். அவர் ஆராய்ந்தது ஒரே ஒரு பொருளை, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாயின் சுவரை. பெருந்தமனி என்பார். எலியின் பெருந்தமனி, பன்றியின் பெருந்தமனி, சில நாள் ஆஸ்பத்திரியிலிருந்து பனிக்கட்டியில் வைத்து வரும் மனிதர்களுடையது.

அது என்னவென்று ஒருநாள் கேட்டேன். வாயால் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லமாட்டார், செய்துகாட்டுவார். கழுவுதொட்டிக் குழாயில் ஒரு கண்ணாடிக் குழலைச் செருகி, திறந்து மூடி, திறந்து மூடிக் காட்டினார். நுனியிலிருந்து தண்ணீர் விட்டுவிட்டுப் பீச்சியது. பிறகு அதே நீளத்துக்கு மெல்லிய ரப்பர் குழலைச் செருகி, நுனியில் ஒரு சின்ன மூக்கைப் பொருத்தினார். இப்போதும் திறந்து மூடினார். திறக்கும்போது ரப்பர் புடைத்தது. மூடும்போது தானே சுருங்கி, உள்ளே இருந்த தண்ணீரை முன்னால் தள்ளியது. நுனியில் தண்ணீர் நிற்கவே இல்லை. நீங்கள் கூட வீட்டில் செய்து பார்க்கலாம்.

"நான் திறந்து மூடுறேனே, அது இதயம். இந்த ரப்பர்தான் பெருந்தமனி. இதயம் ஓய்வு எடுக்கிற நேரத்துலயும் ரத்தம் ஓடுதுன்னா, இது திரும்பி வர்றதாலதான்."

அந்தச் சுவரில் முக்கியமாக இரண்டு புரதங்கள் இருக்கின்றன. எலாஸ்டின் ஒன்று, கொலாஜன் ஒன்று. எலாஸ்டின் இழுபடும், திரும்பி வரும். கொலாஜன் நாடா மாதிரி. அது இழுபடாது, ஓர் அளவுக்கு மேல் போகாமல் பிடித்து நிறுத்தும். "எலாஸ்டிக்கையும் பாவாடை நாடாவையும் சேர்த்துத் தச்ச மாதிரின்னு வச்சுக்கோ" என்றார். இதில் அதிசயம் என்னவென்றால், அந்த எலாஸ்டிக்கை உடம்பு தாய் வயிற்றிலும் சின்ன வயதிலும்தான் நெய்கிறது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இல்லை. எண்பது வயதிலும் அதே பழைய எலாஸ்டிக்தான்.

"துவைக்கத் துவைக்க நைஞ்சு போகாதா?" என்று கேட்டேன்.

"போகும். அதுக்குப் பேர்தான் முதுமை."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு முதியவரின் தமனித் துண்டை அன்று என் கையில் கொடுத்தார். அழுத்தினேன். முட்டை ஓடு மாதிரி நொறுங்கியது. எலாஸ்டிக் நைந்து, அந்த இடமெல்லாம் நாடாவும் சுண்ணாம்புமாக ஆகியிருந்தது. பக்கத்துத் தட்டில் ஒரு பன்றிக்குட்டியுடையது. இழுத்து விட்டேன். சொடுக்கென்று திரும்பிவந்தது. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. "நீயும் மாட்டிக்கிட்டியா?" என்றார் அவர்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியமான விஷயம்.

உங்கள் அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்த பிறகு நாங்கள் லாசாலில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு எடுத்தோம். டாக்டரம்மா மதியம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்பதாக நான் சொன்னதைக் கேட்டு உங்கள் அம்மாவுக்கு மனசு பொறுக்கவில்லை. அவ்வப்போது எவர்சில்வர் தூக்கில் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தனுப்புவாள். தூக்கு அவருடைய மேசையடியில் பல நாள் கிடக்கும். பனி உருகிய ஒரு வசந்தத்தில் அதைக் கழுவி மூடி என்னிடம் நீட்டினார்.

"வெறும் பாத்திரமாத் தரக்கூடாதுன்னு கொஞ்சம் போட்டிருக்கேன். வீட்டுல குடு" என்றார். யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். நானும் திறந்து பார்க்கவில்லை.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தராத வழக்கம் உங்களுக்குத் தெரியும். சர்க்கரையோ அரிசியோ ஒரு பிடி போட்டுத்தான் தருவோம். அவர் போட்டிருந்தது பூ விதை. பட்டாணி மாதிரிக் கொடி ஏறி, இளஞ்சிவப்பும் ஊதாவுமாய்ப் பூத்து, தெருவரைக்கும் மணக்கும் ஒரு பூ. கர்க்லாண்டில் அவர் வீட்டு வேலி முழுக்க அதுதான். ஆய்வுக்கூடத்துக்கும் அதே விதையைச் சாக்கில் வாங்குவார்கள், மருந்து பூசாததாக. எங்கள் பால்கனியும் மணக்கட்டும் என்று பாதித் தூக்குக்கு அள்ளிப் போட்டிருக்கிறார். அவருடைய கை எப்போதும் தாராளம்.

உங்கள் அம்மா மூடியைத் திறந்தாள். உருண்டையாக, கொஞ்சம் கறுத்து, காய்ந்த பட்டாணி. அப்போது அவளுக்கு இரண்டு மாதம். எதைத் தின்றாலும் வாந்தி. கடற்கரையில் விற்கும் பட்டாணி சுண்டல் வேண்டும், அது கிடைத்தால் பிழைத்துக்கொள்வேன் என்று நாலு நாளாய்ப் புலம்பிக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் அப்போது நம் பருப்பு, கடலை எல்லாம் எங்கே கிடைக்கும்? தெப்பனேர் என்பார்களே, தெருமுனைச் சில்லறைக் கடை, அதில் டப்பாவில் அடைத்த பச்சைப் பட்டாணிதான் வைத்திருப்பார்கள்.

"அக்காவுக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ!" என்றாள். கண்ணில் தண்ணீர்.

ஊறவைத்தாள், வேகவைத்தாள், தாளித்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் தந்தாள். லேசாகக் கசந்தது, ஒரு வாய்க்கு மேல் எனக்கு இறங்கவில்லை. வெளிநாட்டுப் பட்டாணி இப்படித்தான் இருக்கும் போல என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். அவளுக்கு மட்டும் அது அமிர்தமாக இருந்தது. தூக்கு தீரும்வரை தினம் கொஞ்சம் செய்து தின்றாள். வாந்தியும் நின்றது.

கோடை நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார். பிள்ளை உண்டாகியிருப்பதைக் கேட்டு, செர்ரிப் பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நேரே பால்கனிக்குப் போனார். அங்கே ஒரு தொட்டியில் கொத்தமல்லி, இன்னொன்றில் ஒன்றுமில்லை.

"என்னம்மா, மொட்டையா இருக்கு? பூவே விடலையா?"

"எந்தப் பூக்கா?"

"தூக்குல போட்டுக் குடுத்தேனே, விதை."

உங்கள் அம்மா சிரித்துவிட்டாள். "ஐயோ, அது பூ விதையா? பட்டாணின்னு சுண்டல் பண்ணித் தின்னுட்டேன்! மசக்கையில வேற எதுவுமே உள்ள போகல. உங்க புண்ணியத்துல தினம் ஒரு கிண்ணம்."

"தினமா?"

"தீர்ற வரைக்கும்."

பழப் பையில் சுற்றியிருந்த ரப்பர் வளையம் அவர் விரலில் இருந்தது. இழுத்தார். இழுத்தபடியே நின்றார். விடவில்லை. இத்தனை வருடத்தில் அவர் ஒன்றை இழுத்துவிட்டு விடாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உங்கள் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். முழுசாச் சொல்லிடறேன். நடுவுல எழுந்திரிக்காதே."

சொன்னார். எலிகளுக்கு அவர் போடும் மாவு எதில் அரைத்தது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த விதையில் ஒரு பொருள் இருக்கிறது. தமனிச் சுவரில் நூல் நூலாக நெய்யும் புரதங்கள் ஒன்றோடொன்று முடிச்சு விழுந்தால்தான் பலம். இந்தப் பொருள் அந்த முடிச்சை விழவிடாது.

"பூவும் இருக்கு, நாரும் இருக்கு, கட்டாம விட்டா சரமாகுமா? அந்த மாதிரி. எலிக்கு இதைப் போட்டா தமனி புடைச்சு, சில சமயம் வெடிச்சே போகும்."

உங்கள் அம்மாவின் கை வயிற்றுக்குப் போனது. "என் பிள்ளைக்கு முடிச்சு விழலையாக்கா?"

"தெரியாது. எலிக்கு ஒரு நாளைய சாப்பாட்டுல பாதி இந்த மாவு, வாரக்கணக்கா. நீ தின்னது நாளைக்கு ஒரு கிண்ணம். ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு என் மனசு சொல்லுது. ஆனா என் மனசு சொல்றதை நான் நம்புறதில்ல."

எனக்குக் கோபம் வந்தது. மறைப்பானேன்? விஷத்தைப் பாத்திரத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு இப்போது தெரியாது என்கிறாரே என்று நினைத்தேன். ஆனால் அவர் பூசி மெழுகவில்லை. "பயப்படாதே, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை.

அந்த வாரமே பிரசவ டாக்டரிடம் எங்களோடு அவரும் வந்தார். டாக்டர் நல்ல மனுஷர், கியூபெக்காரர். டாக்டரம்மா பிரெஞ்சில் நீளமாக விளக்கினார். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். பிள்ளைத்தாச்சிகள் இதைவிட விசித்திரமானதையெல்லாம் தின்கிறார்கள் மதாம், ஒருத்தி சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றாள், துடிப்பு நன்றாக இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள் என்றார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். "அவர் சிரிச்சாரே, அப்ப ஒண்ணும் இல்லதானே?" என்றேன்.

"அவருக்கு இதைப் பத்தித் தெரியாது தம்பி, அதனால சிரிக்கிறார். எனக்குப் பாதி தெரியும். அதனால சிரிக்க முடியல." அப்புறம் சட்டென்று உங்கள் அம்மாவின் பக்கம் திரும்பினார். "அந்தச் சுண்டலை எப்படிப் பண்ணே? முதல்லேர்ந்து சொல்லு."

"எல்லாரும் பண்ற மாதிரிதான்க்கா. ராத்திரி ஊறப்போட்டேன்."

"தண்ணியை?"

"கொட்டிட்டேன். கசந்துச்சு."

"அப்புறம்?"

"வேகவச்சேன். அந்தத் தண்ணியும் கசந்துச்சு, வடிச்சுட்டேன். மறுபடி புதுத் தண்ணி ஊத்திக் கொதிக்கவச்சு வடிச்சேன். அப்பவும் லேசா இருந்துச்சு. எண்ணெய், கடுகு, காஞ்ச மிளகாய், பெருங்காயம், தேங்காய்ப்பூ."

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அது தண்ணியில கரையற பொருள்" என்றார். "அதுல எவ்வளவு தண்ணியோட போச்சோ, எவ்வளவு மிச்சம் நின்னுச்சோ, யாருக்குத் தெரியும்? நீ நான் சொல்ற அன்னிக்கு லேபுக்கு வந்து, அதே மாதிரி பண்ணணும். அப்படியே. எலிக்குப் போட்டுப் பார்ப்போம்."

"எலிக்கா? சுண்டலா?"

"பிள்ளைத்தாச்சி எலிக்கு."

எலிகள் சினைப்பட்டுத் தயாராவதற்குள் ஆவணி வந்துவிட்டது. முதல் சமையல் விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள். உங்கள் அம்மா அதைத் தற்செயல் என்று நம்பவே இல்லை. "எத்தனை வருஷம் பிள்ளையாருக்குச் சுண்டல் படைச்சிருப்போம்? ஒரு தடவையாவது அவரைச் சுமக்கிறதுக்குப் போட்டோமா? அதான் கேட்டு வாங்கறார்" என்றாள். அந்த அம்மாவுக்குச் சாமி பக்தி அதிகம் கிடையாது. ஆனாலும் அன்று மறுத்து ஒன்றும் பேசவில்லை.

ஆய்வுக்கூடத்தில் மின்சார அடுப்பு, பெரிய கண்ணாடிப் பீக்கர். பக்கத்தில் தராசு.

"கடுகு எவ்வளவு?"

"ஒரு சிட்டிகைக்கா."

"உன் சிட்டிகையைத் தட்டுல போடு, நிறுக்கணும்."

"பெருங்காயம் எலிக்கு எதுக்கு? வேண்டாம்தானே?"

"எல்லாம் வேணும். நீ என்ன தின்னியோ அதுதான் அதுவும் திங்கணும்."

கடுகு வெடித்தது. பெருங்காய வாசனை நடைவழி முழுக்கப் போனது. அறை அறையாகத் தலைகள் நீண்டன. எதிர் அறை ஆள் ஒருவர் கரண்டியோடே வந்துவிட்டார். டாக்டரம்மா இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்துக்கொண்டு, "தொடாதீங்க! இது எலிக்கு!" என்று கத்தினார். பதற்றத்தில் தமிழில் கத்தினார். வந்தவர் கரண்டியோடு அப்படியே பின்வாங்கினார்.

எலிகளில் மூன்று கூட்டம். ஒன்றுக்கு வழக்கமான தீனி. ஒன்றுக்குப் பச்சையாய் அரைத்த விதை மாவு. மூன்றாவதற்கு உங்கள் அம்மாவின் சுண்டல், அரைத்து உருட்டியது. அது தீரும்போதெல்லாம் காலையில் நாங்கள் இரண்டு பேருமாக பஸ் பிடித்துப் போவோம். வயிறு மேடிட்டு நிற்பவளுக்கு எல்லோரும் எழுந்து இடம் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் எலிக்குச் சமைக்கப் போகிறாள். மூன்றாவது கூண்டின் எலிகளை நலம் விசாரிக்காமல் அவள் திரும்பியதில்லை. "இவளும் என்னை மாதிரிதான், காலையில முகமே சரியில்ல" என்பாள். குட்டி போட்டபோது சர்க்கரை கொண்டுவந்து எனக்கும் டாக்டரம்மாவுக்கும் கொடுத்தாள்.

குட்டிகள் கண் திறந்து, ஓடியாடத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மரமெல்லாம் சிவந்து நின்ற ஒரு காலைதான் சோதனை. உங்கள் அம்மாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்னை மட்டும் நிற்கவிட்டார்.

எலிக்குட்டியின் பெருந்தமனி தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அதில் ஒரு சின்ன வளையத்தை வெட்டி, இரண்டு கொக்கிகளுக்கு நடுவே மாட்டி, கீழே எடை தொங்கவிடுவார். பக்கத்தில் சுற்றும் காகிதத்தில் ஒரு முள், வளையம் எவ்வளவு நீண்டது, எடையை எடுத்ததும் எவ்வளவு திரும்பியது என்று கோடு போடும். எந்த வளையம் எந்தக் கூண்டினுடையது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கை தனக்குப் பிடித்த பக்கம் சாயும் என்று, குறிகளைப் போட்டு மறைக்கும் வேலையைத் தன் மாணவியிடம் கொடுத்திருந்தார்.

சில வளையங்கள் நீண்டு, நீண்ட இடத்திலேயே நின்றன. ஒன்று எடை ஏறும்போதே கிழிந்தது. மற்றவை திரும்பின. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசி வளையத்தையும் கழற்றிவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மாணவியிடம் குறிகளைக் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார்.

கிழிந்ததும் நீண்டு நின்றதும் பச்சை மாவுக் கூட்டம். சுண்டல் கூட்டமும் வழக்கமான தீனிக் கூட்டமும் ஒரே மாதிரி.

"திரும்பி வருது" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசிக் கேட்டதில்லை. இன்னொரு முறையும் சொன்னார். "திரும்பி வருது தம்பி."

நான் வாசலுக்குப் போய்விட்டேன், உங்கள் அம்மாவுக்குப் போன் செய்ய. அவர் பின்னாலேயே வந்து தடுத்தார்.

"இரு. சரியாச் சொல்லணும். எலி எலிதான். உன் பொண்டாட்டி எலி இல்ல. பயத்துல பெரும்பகுதி போச்சுன்னு சொல்லு. மிச்சம் பிள்ளை பொறந்து, பார்த்த பிறகு போகும்."

உங்கள் அம்மா போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா சொன்னாங்களா, நீங்களா சொல்றீங்களா?" அக்கா சொன்னதாகச் சொன்னேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு அவள் பயந்து நான் பார்க்கவில்லை. தப்பு செய்தவர் யாரோ அவருடைய வார்த்தையைத்தான் அவள் கடைசிவரை நம்பினாள். எனக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது. ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் கிடைப்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்துகொள்ள வழி தேடி அலைகிறவர் அபூர்வம்.

மூத்தவள் பிறந்தது நல்ல பனியில். விடிந்து நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து உங்கள் அம்மாவின் பக்கத்தில் போட்டுச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும், டாக்டரம்மா உள்ளே நுழைந்தார். பூட்ஸில் பனி, தொப்பியில் பனி. கோட்டைக் கழற்றி என்மேல் போட்டுவிட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். உள்ளங்கை சூடாகும்வரை உரசினார். குழந்தையின்மேல் குனிந்து, அதன் காதின் மேல் மடலை ஒற்றை விரலால் மெல்ல மடித்தார்.

"மதாம்!" என்றாள் நர்ஸ்.

"ஒரு நிமிஷம்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு விரலை எடுத்தார்.

காது சட்டென்று நிமிர்ந்துகொண்டது.

மறுகாதையும் மடித்தார். அதுவும் நிமிர்ந்தது. மூத்தவள் முகத்தைச் சுளித்து, அழலாமா வேண்டாமா என்று யோசித்து, அழாமல் விட்டாள்.

"காதுக்குள்ளயும் அதே எலாஸ்டின்தான்" என்றார் டாக்டரம்மா. "காது வேற, தமனி வேற. இதை வச்சு அதைச் சொல்லக்கூடாது. புள்ளைங்க டாக்டர் நெஞ்சைக் கேட்டு, படம் எடுத்து, அப்புறமா சொல்லட்டும். ஆனா..." இன்னொரு தரம் மடித்து விட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. "ஆனா எவ்வளவு ஜோரா வருது பாரு!"

குழந்தை டாக்டர் நெஞ்சைக் கேட்டார், படம் எடுத்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு எங்கள் தூக்கு அவர் வீட்டிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம் உள்ளே சர்க்கரைதான். அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருப்பார்: "சாப்பிடலாம்."

மூத்தவளுடைய பிறந்தநாள்களுக்கு வருவார். பரிசை நீட்டுவதற்கு முன் அவள் காதை மடித்து விடுவார். அவள் நெளிந்துகொண்டு ஓடுவாள். பிறகு அவர் வீட்டுக்காரருக்கு மேற்கே வேறு மாகாணத்தில் வேலை மாறியது. போகும்போது வாசலில் நின்று என் ஸ்வெட்டர் கையை இழுத்துப் பார்த்தார். அவர் முதல் நாள் கொடுத்த அதே ஸ்வெட்டர். "இன்னும் உயிரோட இருக்கே!" என்றார். அதுதான் நான் கடைசியாக அவர் வாயால் கேட்டது.

சென்ற மாதம் மூத்தவளே, உன் குழந்தையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தோம் இல்லையா? அம்மாவும் நானும் உள்ளே வருவது உனக்குத் தெரியவில்லை. நீ குனிந்து, ஒற்றை விரலால் பிள்ளையின் காதை மெல்ல மடித்து, விட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

என்னம்மா செய்யறே என்று கேட்டேன்.

"சும்மாதான்ப்பா. பிள்ளை பொறந்தா எல்லாரும் பண்ணுவாங்கதானே?" என்றாய்.

எல்லோரும் செய்வதில்லை, மூத்தவளே. ஒருவர் செய்தார்.